யாழ்ப்பாணத்திலிருந்து பங்கு வாங்குவது எப்படி? சுற்றாடலையும் கணக்கில் சேர்க்கும் முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் காணி வாங்கப் போகிறவர் உறுதியைப் புரட்டுவதற்கு முன்பே கிணற்றுத் தண்ணீரை அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பார். நல்ல தண்ணீர் என்றால் பரப்புக்கு ஒரு விலை, உவர் என்றால் வேறு விலை. அதே மனிதர் ஒரு கம்பனியின் பங்கை வாங்கும்போது விலை ஏறுமா இறங்குமா என்று மட்டும் கேட்கிறார். அந்தக் கம்பனி யாருடைய தண்ணீரை எடுக்கிறது, கழிவை எங்கே விடுகிறது என்று கேட்பதில்லை.

அது காசு சம்பந்தப்பட்ட கேள்விதான். சுன்னாகம் அனல் மின் நிலையத்தால் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019 ஏப்ரல் 4 அன்று உயர் நீதிமன்றம் அந்த நிலையத்தை நடத்திய நொதர்ன் பவர் கம்பனியை 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தும்படி உத்தரவிட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி வந்த தீர்ப்பு அது. அந்தக் கம்பனியின் தாய் நிறுவனம் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்தது. தெற்கில் இருந்துகொண்டு அந்தப் பங்கை வைத்திருந்தவருக்குச் சுன்னாகம் என்பது ஆண்டறிக்கையின் பின்பக்கத்தில் ஒரு வரி. சுன்னாகம் இருக்கும் வலிகாமத்தில் இருந்தவர்களுக்கு அது பவுசரில் வரும் குடிதண்ணீர். வருடம் முழுக்க ஓடும் ஆறில்லாத, சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைநீரை மட்டும் நம்பி வாழும் குடாநாட்டு மக்களுக்கு இந்தச் செலவு எப்படிப்பட்டது என்று யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. முதலீடு செய்யும்போது அந்த அறிவைப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் என் வாதம்.

மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடிப்பவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் காசை நிலையான வைப்பில் போட்டு வைத்திருப்பவர்கள், சீட்டுக் காசு கைக்கு வந்ததும் என்ன செய்வதென்று யோசிப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். எந்தக் கம்பனியை வாங்கலாம் என்று பெயர் சொல்ல மாட்டேன். எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

முதல் படி: பங்குக்கு முன்பு செய்ய வேண்டியவை

ஈடு வைத்த நகை இருந்தால் முதலில் அதை மீட்டுவிடுங்கள். நகைக் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டே பங்கில் இலாபம் தேடுவதில் அர்த்தம் இல்லை. அப்புறம் ஆறு மாதக் குடும்பச் செலவுக்குப் போதுமான தொகையை வங்கியில் வையுங்கள். வங்கியோ நிதிக் கம்பனியோ மூடப்பட்டால், இலங்கை வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரைதான் ஈடு செய்யும். அதற்கு மேல் இருந்தால் இரண்டு மூன்று இடங்களில் பிரித்து வைப்பது நல்லது. அரை வீதம் கூடத் தருகிறார்கள் என்று பெயர் தெரியாத இடத்துக்குப் போகாதீர்கள். உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் இருக்கிறது.

தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. ஆள் சேர்த்தால் கொமிஷன், டொலரில் மாத வருமானம், 'ஏஐ தானாக வியாபாரம் செய்யும்' என்று வட்ஸ்அப்பில் வரும் அழைப்புகளில் வடக்கில் எத்தனையோ குடும்பங்கள் காசை இழந்திருக்கின்றன. சொந்தக்காரர் ஒருவர் சொன்னார் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். சொந்தக்காரர் வழியாகத்தான் அவை பரவுகின்றன.

இரண்டாம் படி: வட்டி, பணவீக்கம், திறைசேரி உண்டியல்

2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. அந்த ஆண்டு நிலையான வைப்புக்கு 20 சதவீத வட்டி வாங்கியவரும் உண்மையில் ஏழையானார். புத்தகத்தில் தொகை கூடியது, அதே தொகைக்கு அரிசி குறைவாக வந்தது. அதன் பிறகு வட்டி வீதங்கள் மளமளவென்று விழுந்து ஒற்றை இலக்கத்துக்கு வந்தன. பலர் பங்குச் சந்தைப் பக்கம் திரும்பியது அதனால்தான்.

பங்குக்குப் போகும் முன் திறைசேரி உண்டியலைத் தெரிந்துகொள்ளுங்கள். அரசாங்கம் 91, 182, 364 நாட்களுக்கு வாங்கும் கடன் அது. வங்கி வழியாகவோ, அரசாங்கக் கடன் பத்திரங்களை விற்க அனுமதி பெற்ற முதனிலை வணிகர் வழியாகவோ வாங்கலாம். 2023 இன் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் பொதுமக்கள் கையில் இருந்த திறைசேரி உண்டியல்களைத் தொடவில்லை. ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகளிடம் இருந்த முறிகள், அதாவது பல வருடத்துக்கான கடன் பத்திரங்கள்தான், நீண்டகாலத்துக்கு மாற்றப்பட்டன. ஒரு வருடத்துக்குள் தேவைப்படும் காசு, மகளின் கலியாணச் செலவு, வீட்டு வேலைக்கு ஒதுக்கியது, இவை எல்லாம் இங்கேதான் இருக்க வேண்டும், பங்கில் அல்ல. வட்டிக்கு 2025 ஏப்ரலில் இருந்து 10 சதவீதம் வரி பிடிக்கப்படுகிறது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

பங்கின் சுபாவம் வேறு. கொழும்புச் சந்தையின் எல்லாப் பங்கு விலைகளின் போக்கையும் காட்டும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டி 2022 ஜனவரியில் 13,000 ஐத் தாண்டி நின்றது. அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென்று ஏப்ரல் 12 அன்று அறிவித்தது, அதன் பிறகு சந்தையை ஒரு வாரம் மூடியே வைத்தார்கள். சுட்டி ஏறக்குறையப் பாதிக்கு வந்தது. 2024 முடியும்போது அது 15,944 இல் இருந்தது. நடுவில் பயந்து விற்றவருக்கும் பொறுத்திருந்தவருக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே கணக்குப் போடலாம். ஆனால் பொறுத்திருக்க வேண்டுமென்றால் அந்தக் காசு ஐந்து வருடத்துக்குத் தேவைப்படாத காசாக இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: கணக்குத் திறப்பது

இது எல்லாவற்றையும்விட இலகுவானது. கொழும்புப் பங்குச் சந்தைக்கு யாழ்ப்பாணத்திலேயே கிளை அலுவலகம் உண்டு. நேரில் போய்த் தமிழில் கேட்கலாம். போக நேரமில்லை என்றால் பங்குச் சந்தையின் கைபேசி அப்பில் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். தேசிய அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விபரம், முகவரிக்கான சான்று ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். விண்ணப்பத்திலேயே ஒரு பங்குத் தரகரைத் தெரிவு செய்ய வேண்டும். பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் உரிமம் இல்லாத யாரிடமும் காசு கொடுக்காதீர்கள்.

உங்கள் பங்குகள் தரகரின் பெட்டிக்குள் இருப்பதில்லை. மத்திய வைப்பகத்தில் உங்கள் பெயரில் இருக்கின்றன. அதனால் தரகர் சொல்வதை மட்டும் நம்பாமல் வைப்பகம் அனுப்பும் கூற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் முதலிட விரும்பினால் அவர் தன் பெயரில் வங்கியொன்றில் உள்முதலீட்டுக் கணக்குத் திறந்து, அதன் வழியாகவே காசைக் கொண்டுவர வேண்டும். அப்போதுதான் விற்ற காசையும், கம்பனி இலாபத்தில் பங்காளருக்குக் கொடுக்கும் பங்கிலாபத்தையும் திரும்ப வெளியே எடுக்கலாம். வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு அனுப்பும் உண்டியல் முறையில் ஊருக்கு அனுப்பி, அம்மாவின் பெயரில் பங்கு வாங்குவது இலகுவாகத் தோன்றும். சட்டப்படி அந்தப் பங்கு அம்மாவுடையது. நாளைக்கு உரித்துப் பிரச்சினை வந்தால் அனுப்பியவரிடம் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

தரகர் கடன் தருகிறேன், அதில் கூடுதலாக வாங்குங்கள் என்றால் மறுத்துவிடுங்கள். விலை விழும்போது உங்கள் சம்மதம் இல்லாமலே விற்றுவிடும் உரிமை அந்த ஒப்பந்தத்தில் இருக்கும்.

நான்காம் படி: ஆண்டறிக்கையில் எங்கே பார்ப்பது

முழு வேலையும் இங்கேதான் இருக்கிறது. பட்டியலிடப்பட்ட கம்பனி ஒவ்வொன்றும் நிதியாண்டு முடிந்து ஐந்து மாதத்துக்குள் ஆண்டறிக்கை வெளியிட வேண்டும். பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் கம்பனியின் பெயரைப் போட்டால் இலவசமாக இறக்கலாம். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் இருத்தி வைத்துப் பாருங்கள், இருவருக்கும் நல்லது. முன்பக்கத்துப் படங்களையும் தலைவரின் செய்தியையும் தாண்டிப் போங்கள். மரநடுகைப் படம், பாடசாலைக்குக் கொப்பி கொடுத்த படம், கடற்கரை துப்புரவு செய்த படம், இவை எல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனால் அந்தக் கம்பனியின் தொழிற்சாலைக் குழாயில் என்ன வருகிறது என்பதற்கு அவை பதில் இல்லை.

முதலில் பின்பக்கம் போய் நிதிக்கூற்றுக் குறிப்புகளில் 'கண்டின்ஜன்ட் லயபிலிட்டீஸ்' என்ற தலைப்பைத் தேடுங்கள். இன்னும் உறுதியாகாத, ஆனால் வரக்கூடிய பொறுப்புகளை அங்கே எழுதுவார்கள். நிலுவையில் உள்ள வழக்குகள், சுற்றாடல் அதிகார சபையின் கட்டளைகள், இழப்பீட்டுக் கோரிக்கைகள் என்று இருந்தால் இங்கே வரும். எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021 இல் எரிந்து மூழ்கியதற்கு, 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. சுற்றாடல் வழக்கு எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு அது ஒன்றே போதும்.

அடுத்ததாக துணைக் கம்பனிகளின் பட்டியல். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பங்குச் சந்தையில் தெரிவது தாய் நிறுவனத்தின் பளபளப்பான பெயர். ஊருக்குள் வந்து குழி தோண்டுவது வேறொரு பெயரில் உள்ள தனியார் கம்பனி. சுன்னாகத்திலும் அப்படித்தான். எங்கள் மாகாணத்தில் ஓடும் ஒரு தொழில் யாருடையது என்று அறிய இந்தப் பட்டியல்தான் வழி. பயிற்சிக்கு ஒன்று: பளைப் பக்கம் போகும்போது தெரியும் காற்றாலைகளின் உரிமையாளர் யார், அவர்கள் பட்டியலிடப்பட்ட கம்பனியோடு தொடர்புள்ளவர்களா என்று தேடிப் பாருங்கள்.

மூன்றாவது, தண்ணீர், மின்சாரம், கழிவு என்ற மூன்றின் எண்கள். நல்ல கம்பனி எத்தனை கனமீற்றர் தண்ணீர் எடுத்தது, அது கிணறா ஆறா குழாயா, எத்தனை கனமீற்றரைச் சுத்திகரித்து வெளியே விட்டது என்று மூன்று நான்கு வருடத்து எண்களை அடுத்தடுத்துப் போட்டிருக்கும். எண்ணே இல்லாமல் 'நாங்கள் தண்ணீரைப் பொறுப்புடன் பயன்படுத்துகிறோம்' என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்கு மதிப்புக் கொடுக்காதீர்கள். எண் இருந்தால் அதை உற்பத்தி அளவால் வகுத்துப் பாருங்கள். விற்பனை குறைந்த வருடத்தில் தண்ணீர் குறைந்ததைச் சாதனையாகக் காட்டுவார்கள்.

இந்த வேலை இனி கொஞ்சம் இலகுவாகும். நிலைபேறுத் தகவல்களுக்கான எஸ்எல்எப்ஆர்எஸ் எஸ்1, எஸ்2 என்ற இரண்டு கணக்கீட்டு நியமங்களை இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் கொண்டுவந்திருக்கிறது. 2025 ஜனவரியில் தொடங்கி, சந்தை மதிப்பில் முதல் 100 இடத்தில் உள்ள பட்டியலிடப்பட்ட கம்பனிகளுக்கு முதலில் பொருந்தும் வகையில் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. காலநிலை மாற்றத்தால் கம்பனியின் வருமானத்துக்கு வரக்கூடிய ஆபத்து, அதன் காபன் வெளியேற்றம் போன்றவற்றை எழுத வேண்டும். வெளியேற்றத்தை மூன்று வட்டமாகப் பிரிப்பார்கள். தன் ஜெனரேட்டரிலும் வாகனத்திலும் எரித்தது முதலாவது. வாங்கிய மின்சாரத்துக்குப் பின்னால் உள்ளது இரண்டாவது. மூலப்பொருள் தந்தவரில் இருந்து பொருளைப் பயன்படுத்துபவர் வரை மற்றதெல்லாம் மூன்றாவது. வங்கி ஒன்றின் முதலிரண்டு வட்டமும் எப்போதும் சிறியதாகவே இருக்கும். அது யாருக்குக் கடன் கொடுக்கிறது என்பதுதான் அதன் உண்மையான சுற்றாடல் கணக்கு.

விவசாய இரசாயனம் விற்கும் கம்பனிகளை நாங்கள் தனியாக யோசிக்க வேண்டும். வலிகாமத்தின் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு, உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணீருக்கு வைத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருக்கிறது. செம்பாட்டுத் தோட்டத்தில் அளவுக்கு மிஞ்சிப் போடும் யூரியா அதற்கு ஒரு முக்கிய காரணம். அதே யூரியா விற்ற இலாபம் பங்கிலாபமாக எங்கள் கைக்கே வரலாம். அதற்காக அந்தத் துறையையே ஒதுக்குங்கள் என்று சொல்ல மாட்டேன். 2021 இல் அரசாங்கம் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்து, விளைச்சல் விழுந்து, அதே வருடம் நவம்பரில் தடையைத் தளர்த்தியதை எல்லோரும் பட்டு அறிந்தோம். மண் பரிசோதனை செய்து தேவையான அளவு மட்டும் போடச் சொல்லிக் கொடுக்கும் கம்பனிக்கும், மூட்டைக் கணக்கை மட்டும் பார்க்கும் கம்பனிக்கும் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசம் உங்கள் ஊர் உரக்கடையில் நின்றாலே தெரிந்துவிடும்.

பச்சை என்ற பெயர் இருப்பதால் மட்டும் ஒன்று பொறுப்பான தொழில் ஆகிவிடாது என்பதற்கு மன்னார் உதாரணம். காற்று மின்சாரம் சுத்தமானது, நாட்டுக்குத் தேவையானது. ஆனால் மன்னார்த் தீவு வலசைப் பறவைகள் வரும் பாதையில் இருக்கிறது, அங்குள்ள மக்களுக்கும் கேள்விகள் இருந்தன. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைகள் கட்டவிருந்த அதானி நிறுவனம், நீதிமன்ற வழக்குகளுக்கும் விலை பற்றிய மறுபேச்சுக்கும் இடையே 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. ஆகவே புதுப்பிக்கத்தக்க சக்திக் கம்பனியில் முதலிடுபவரும் இடத் தெரிவு, சுற்றாடல் தாக்க மதிப்பீடு, ஊராரின் சம்மதம் ஆகிய மூன்றையும் தேடிப் படிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: இலாபக் கணக்கு

சுற்றாடல் நன்றாக இருந்து தொழில் நட்டத்தில் ஓடினாலும் உங்கள் காசு போய்விடும். ஆகவே நான்கு எண்களைப் பாருங்கள்: ஐந்து வருட இலாபம், தொழிற்பாட்டுக் காசுப் பாய்ச்சல் (தொழிலில் இருந்து உண்மையில் கைக்கு வந்த காசு), மொத்தக் கடன், பங்கொன்றின் உழைப்பு (ஒரு பங்குக்கு வரும் வருட இலாபம்). இலாபம் காட்டிக்கொண்டே காசுப் பாய்ச்சல் வருடக்கணக்கில் பூச்சியத்துக்குக் கீழே இருந்தால் அந்தக் கம்பனியை விட்டுவிடுங்கள். பங்கு விலையைப் பங்கொன்றின் உழைப்பால் வகுத்தால் வருவது விலை உழைப்பு விகிதம். விலை 80 ரூபா, உழைப்பு 10 ரூபா என்றால் விகிதம் 8. அதே துறையில் உள்ள மற்றக் கம்பனிகளோடு மட்டும் ஒப்பிடுங்கள். கணக்காய்வாளரின் அறிக்கையில் ஏதும் நிபந்தனையோ எச்சரிக்கையோ இருக்கிறதா என்று பார்க்கவும் மறக்க வேண்டாம்.

ஆறாம் படி: வாங்குவது

10 கோடி ரூபா வரையான வியாபாரத்துக்குத் தரகுக் கூலி, சந்தைக் கட்டணம், அரச அறவீடு எல்லாம் சேர்த்து 1.12 சதவீதம். 50,000 ரூபாவுக்கு வாங்கினால் 560 ரூபா. விற்கும்போதும் அதே வீதம். அதாவது விலை ஏறக்குறைய 2.3 சதவீதம் ஏறினால்தான் போட்ட காசு திரும்பும். காலையில் வாங்கி மாலையில் விற்கும் பழக்கம் யாருக்கு இலாபம் என்று இதில் விளங்கும்.

விலையை நீங்களே குறிப்பிட்டுக் கட்டளை போடுங்கள். சிறிய கம்பனிகளின் பங்குகள் நாளுக்குச் சில நூறுதான் கைமாறும், விலை குறிக்காமல் போட்டால் எதிர்பாராத விலையில் விழுந்துவிடும். கம்பனியின் குறியீட்டில் என் என்ற எழுத்து வந்தால் வாக்குரிமை உள்ள பங்கு, எக்ஸ் வந்தால் இல்லாதது. எக்ஸ் பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் கூட்டத்தில் வாக்களிக்க விரும்பினால் என் வாங்குங்கள். முழுத் தொகையையும் ஒரே நாளில் போடாமல் பல மாதங்களில் பிரித்துப் போடுவது, குறைந்தது ஐந்தாறு துறைகளில் பரப்புவது, இவ்வளவும் போதும். பங்கிலாபத்துக்கு 15 சதவீத வரி பிடித்துத்தான் வரும்.

பங்கின் ஏற்ற இறக்கம் வேண்டாம் என்பவர்களுக்கு, சுற்றாடலுக்கு நல்ல திட்டங்களுக்கென்று காசு திரட்டும் பச்சை முறிகள் இருக்கின்றன. கொழும்புச் சந்தையில் முதலாவதை 2024 இல் டிஎப்சிசி வங்கி பட்டியலிட்டது. இதுவும் கம்பனிக்குக் கொடுக்கும் கடன்தான். திரட்டிய காசு எந்தத் திட்டங்களுக்குப் போனது என்று வருடாவருடம் அறிக்கை வருகிறதா, அதை வெளியாள் ஒருவர் சரிபார்க்கிறாரா என்று பாருங்கள். எது பச்சை என்பதற்கு மத்திய வங்கி 2022 மே மாதம் ஒரு வகைப்படுத்தலை வெளியிட்டிருக்கிறது. அதைக் குறிப்பிடாத முறியை நான் தொடமாட்டேன்.

ஊருக்குள் பங்கு போடுபவர்களுக்கு

எங்கள் ஆட்கள் கொழும்புச் சந்தையைவிட மச்சானின் அரிசி ஆலையிலோ, நண்பரின் விடுதியிலோ, வாகனச் சேவை நிலையத்திலோதான் அதிகம் பங்கு போடுகிறார்கள். அங்கேயும் இதே கண் வேண்டும். காசு கொடுக்கும் முன் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். 1980 இன் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வருவது அது. காலாவதியாகியிருந்தால் புதுப்பித்த பிறகே காசு. சேவை நிலையம் என்றால் கழிவு எண்ணெயை யார் எடுத்துப் போகிறார்கள், பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். விடுதி என்றால் மலக்குழிக்கும் பக்கத்து வளவுக் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்று நேரில் போய்ப் பாருங்கள். உறவு கெட்டுவிடும் என்று இதையெல்லாம் கேட்காமல் விடுகிறோம். அயலவர் கிணறு கெட்டு வழக்கு வந்தால் உறவும் கெடும், காசும் போகும்.

வாங்கிய பிறகு

முதல் மூன்று காலாண்டுகளும் முடிந்து 45 நாளுக்குள்ளும், நான்காவது முடிந்து இரண்டு மாதத்துக்குள்ளும் கணக்கு வரும். விலையை நாளுக்கு நாலு தரம் பார்ப்பதைவிட இதை வருடத்துக்கு நாலு தரம் படியுங்கள். முன்னணி இருபது பங்காளர்களின் பெயர்களும் அதில் இருக்கும், பெரியவர்கள் விலகுகிறார்களா என்று தெரியும்.

வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் குப்பையில் போடாதீர்கள். ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் கேள்வி கேட்க உரிமை உண்டு. இப்போது பல கூட்டங்கள் இணையவழியில் நடக்கின்றன, கொழும்புக்குப் பஸ் ஏறத் தேவையில்லை. கம்பனிச் செயலாளருக்கு முன்கூட்டியே எழுத்தில் அனுப்பினால் தட்டிக்கழிப்பது கடினம். கேள்வி குறிப்பாக இருக்கட்டும்: வட மாகாணத்தில் உங்கள் எந்தத் துணைக் கம்பனி, எந்த இடத்தில், எவ்வளவு நிலத்தடி நீர் எடுக்கிறது? கடைசியாக வெளியேற்று நீரைப் பரிசோதித்தது எப்போது, முடிவு என்ன? 2023 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த பங்குச் சந்தையின் ஆளுகை விதிகளின்படி, பட்டியலிடப்பட்ட கம்பனி சுற்றாடல், சமூக, ஆளுகை நிலைபேறு பற்றிய கொள்கையொன்றை வைத்திருக்க வேண்டும். அந்தக் கொள்கையின் பிரதியைக் கேளுங்கள். பதில் வந்தால் அதை அடுத்த வருட ஆண்டறிக்கையில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். வராவிட்டால் அந்தப் பங்கைத் தொடர்ந்து வைத்திருப்பதா என்று முடிவெடுக்க அதுவே போதுமான தகவல்.